குழாயில் ஓடும் எண்ணெயும் வெப்பமாக மாறும் ஆற்றலும்: பாகுநிலை இழப்பைக் கணினியில் கணக்கிடும் முறை

செம்பனை ஆலையில் பிழிந்து தெளிவிக்கப்பட்ட எண்ணெய் சேமிப்புத் தொட்டிக்குப் போகும் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழாய் தரைமட்டமாகக் கிடக்கிறது. அதன் விட்டம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒன்றேதான். ஆகவே எண்ணெய் எந்த வேகத்தில் உள்ளே நுழைகிறதோ அதே வேகத்தில் வெளியேறுகிறது. அது மேட்டில் ஏறவும் இல்லை, பள்ளத்தில் இறங்கவும் இல்லை. ஆயினும் பம்பு ஓய்வின்றி வேலை செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதை நிறுத்தினால் ஓட்டம் சற்று நேரத்தில் தளர்ந்து நின்றுவிடுகிறது. வேகமும் கூடவில்லை, உயரமும் கூடவில்லை என்றால், பம்பு கொடுத்த ஆற்றல் எங்கே போயிற்று?

அது எண்ணெயின் உள்ளேயே வெப்பமாக மாறிவிட்டது. எண்ணெய், நீர் போல ஓடும் பொருளை, அதாவது பாய்மத்தை, எடுத்துக்கொண்டால், அதன் ஒரு படலம் அடுத்த படலத்தின்மேல் வேறு வேகத்தில் வழுக்கிச் செல்லும்போது இரண்டுக்கும் இடையே உராய்வு எழுகிறது. அந்த உராய்வை எதிர்த்துச் செய்யப்படும் வேலை முழுவதும் திரும்பப் பெற முடியாத வெப்பமாகிறது. இதையே பாகுநிலை இழப்பு என்கிறோம். மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வளர்ந்து, ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ இயந்திரப் பொறியியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் ஒரு சிமுலேஷன் மென்பொருளின் திரையில்தான் முதன்முதலில் சந்திக்கிறார்கள். அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் வண்ணப் படமும் ஓர் எண்ணும் கிடைத்துவிடுகின்றன. அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அதை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை அறிக்கையில் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, நமக்குப் பழக்கமான செம்பனை எண்ணெயையும் ரப்பரையும் கொண்டே இதை விளக்க முயல்கிறேன்.

உராய்வு வேலையும் வெப்பமும் ஒரே கணக்கில் அடங்கும் என்பதை உலகை ஏற்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். நீர் நிறைந்த கலத்துக்குள் துடுப்புகளைப் பொருத்தி, கீழே இறங்கும் எடைகளைக் கொண்டு அவற்றைச் சுழற்றி, நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்பதை 1840களில் அவர் அளந்தார். 1850இல் வெளியான அவருடைய முடிவின்படி, ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை ஃபாரன்ஹீட் சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை தேவைப்பட்டது. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 778. அவர் அளந்த வெப்பம், துடுப்பு கலக்கிய நீரில் நிகழ்ந்த பாகுநிலை இழப்பே.

இந்த வெப்பம் நம் கண்ணில் படாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அது பெரும்பாலும் மிகச் சிறியது என்பதுதான். கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றும்போது, கீழே விழும் ஒவ்வொரு கிலோகிராம் தேநீரும் சுமார் 9.8 ஜூல் ஆற்றலைக் கொண்டுவருகிறது. குவளைக்குள் எழும் சுழல்கள் அடங்கியதும் அவ்வளவும் வெப்பமாகிவிடுகிறது. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை உயர்த்தச் சுமார் 4180 ஜூல் வேண்டும் என்பதால், ஒரு முறை ஊற்றுவதால் தேநீர் சூடாகும் அளவு 0.0023 பாகை மட்டுமே. அதே நேரத்தில் காற்றுப் பட்டு ஆறுவது அதைவிடப் பல மடங்கு அதிகம்.

இரண்டு தட்டுகளும் ஒரு குழாயும்

கணக்கின் அடிப்படை வடிவம் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் தெளிவாகத் தெரியும். கீழ்த்தட்டு அசையாமல் இருக்க, மேல்தட்டு ஒரே வேகத்தில் நகர்கிறது. தட்டை ஒட்டிய எண்ணெய் அந்தந்தத் தட்டோடு ஒட்டிக்கொள்வதால், கீழே சுழியில் தொடங்கும் வேகம் மேலே தட்டின் வேகம் வரை சீராக உயர்கிறது. தட்டின் வேகத்தை இடைவெளியால் வகுத்தால் கிடைப்பது திசைவேகச் சரிவு. படலங்களுக்கு இடையே ஒரு சதுர மீட்டரில் எழும் உராய்வு விசை, பாய்மம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதைக் குறிக்கும் பாகுநிலை எண்ணை இந்தச் சரிவால் பெருக்கிய அளவு. அந்த விசையை எதிர்த்து ஒவ்வொரு வினாடியும் செய்யப்படும் வேலையை எண்ணெயின் கன அளவால் வகுத்தால், ஒரு கன மீட்டருக்கான இழப்பு கிடைக்கிறது: அது பாகுநிலை எண்ணும் திசைவேகச் சரிவின் வர்க்கமும் சேர்ந்த பெருக்கற்பலன்.

சரிவு வர்க்கமாக வருவதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தின் திசை எதிர்ப்புறமாக மாறினாலும் வர்க்கம் நேர்மமாகவே இருக்கும். பாய்மம் உராய்வின் மூலம் வெப்பத்தைப் பெறுமே தவிர, அதே வழியில் வெப்பத்தைத் திரும்ப இயக்கமாக மாற்றாது. இன்னொன்று, சரிவை இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். ஆகவே இழப்பு ஓட்டம் முழுவதும் சமமாகப் பரவியிருக்காது. சரிவு செங்குத்தாக இருக்கும் ஒடுங்கிய இடங்களில் திரண்டிருக்கும். கணினிக் கணக்கில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம்.

இனி நம் குழாய்க்கு வருவோம். விட்டம் 100 மில்லிமீட்டர், சராசரி வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் என்று வைப்போம். செம்பனை எண்ணெய் நம் நாட்டு அறை வெப்பநிலையிலேயே பாதி உறைந்து கெட்டியாக இருக்கும். பம்பு செய்வதற்காக அதைச் சுமார் 50 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அந்த நிலையில் அதன் பாகுநிலை எண்ணை 0.03 பாஸ்கல்-வினாடி என்றும், அடர்த்தியைக் கன மீட்டருக்கு 890 கிலோகிராம் என்றும், தன்வெப்ப ஏற்புத்திறனைக் கிலோகிராமுக்கும் பாகைக்கும் 2000 ஜூல் என்றும் வட்டமாகக் கொள்ளலாம். ஓட்டம் ஒழுங்காக இருக்குமா கொந்தளிக்குமா என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் (அடர்த்தி, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கிப் பாகுநிலை எண்ணால் வகுத்தது) ஏறத்தாழ 1480 வருகிறது. இது கொந்தளிப்பு தொடங்கும் அளவுக்குக் கீழே இருப்பதால் ஓட்டம் வரிச்சீரானது, அதாவது படலங்கள் கலங்காமல் ஒழுங்காக வழுக்கிச் செல்வது. இத்தகைய ஓட்டத்தில் வேகம் நடுவில் உச்சமாகவும் சுவரில் சுழியாகவும் பரவளைய வடிவில் அமைகிறது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட முடிவு.

இப்போது இழப்பை இரண்டு வழிகளில் காண்போம். முதல் வழி உள்ளிருந்து பார்ப்பது. குழாயின் ஒவ்வொரு வளையத்திலும் திசைவேகச் சரிவை வர்க்கமாக்கி, பாகுநிலை எண்ணால் பெருக்கி, நடுவிலிருந்து சுவர் வரை கூட்டினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.1885 வாட் வருகிறது. இரண்டாவது வழி வெளியிலிருந்து பார்ப்பது. இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் அழுத்தம் 48 பாஸ்கல் குறைகிறது. வினாடிக்குப் பாயும் எண்ணெய் 0.003927 கன மீட்டர். இரண்டையும் பெருக்கினாலும் 0.1885 வாட்தான். உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் நிகழும் இழப்பின் கூட்டுத்தொகையும் வெளியே பம்பு செய்யும் வேலையும் ஒன்றே என்பதை இந்தச் சமன்பாடு காட்டுகிறது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர், இந்த இருவழிக் கணக்கையே வைத்துக்கொள்ளட்டும். பின்னால் சொல்லப்போகும் சோதனைகள் எல்லாம் இதன்மேல் நிற்பவை.

வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதையும் உடனே சொல்லிவிடலாம். அடர்த்தி மாறாது என்றும், குழாய்ச் சுவர் வழியாக வெப்பம் வெளியேறாது என்றும் கொண்டால், உயர்வு என்பது அழுத்த இழப்பை அடர்த்தியாலும் தன்வெப்ப ஏற்புத்திறனாலும் வகுத்த அளவு. 100 மீட்டர் குழாயில் 4800 பாஸ்கல் இழக்கப்படும்போது எண்ணெய் 0.0027 பாகை மட்டுமே சூடாகிறது. ஆலையில் எவரும் இதை உணராததில் வியப்பில்லை.

ஒன்பது சரிவுகளும் ஒரு பெரும் தவறும்

உண்மையான இயந்திரங்களில் ஓட்டம் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. வளைவுகளிலும் வால்வுகளிலும் கலக்கும் தொட்டிகளிலும் திசைவேகத்தின் மூன்று கூறுகளும் மூன்று திசைகளிலும் மாறுகின்றன. ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்பது சரிவுகள் இருக்கின்றன. இந்த ஒன்பதிலிருந்து இழப்பைப் பெறும் பொது விதியை, அடர்த்தி மாறாத பாய்மத்துக்கு, இவ்வாறு சொல்லலாம். ஒவ்வொரு கூறும் தன் திசையிலேயே மாறும் மூன்று நீட்சி வீதங்களை வர்க்கமாக்கிக் கூட்டி, இரண்டால் பெருக்க வேண்டும். பிறகு, ஒரு கூறு வேறொரு திசையில் மாறும் குறுக்குச் சரிவுகள் ஆறையும் எதிரெதிர் இணைகளாகச் சேர்த்து (முதல் கூறு இரண்டாம் திசையில் மாறுவதும், இரண்டாம் கூறு முதல் திசையில் மாறுவதும் ஓர் இணை), ஒவ்வோர் இணையையும் முதலில் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கமாக்க வேண்டும். இவ்வாறு கிடைக்கும் மூன்று வர்க்கங்களையும் முந்தையதோடு சேர்க்க வேண்டும். வந்த தொகையைப் பாகுநிலை எண்ணால் பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கான இழப்பு கிடைக்கும். உராய்வால் ஆற்றல் இழக்கப்படும் அமைப்புகளுக்கு ரேலே பிரபு 1873இல் வகுத்த இழப்புச் சார்பின் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தத் தொகை.

குறுக்குச் சரிவுகளை முதலில் கூட்டிவிட்டுப் பிறகு வர்க்கமாக்க வேண்டும் என்ற வரிசை மிக முக்கியமானது. தொடக்க நிலையினர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரு வாளி நீர் முழுவதும் ஒரு திடப்பொருள்போல வினாடிக்கு 10 ரேடியன் வீதம் சுழல்வதாகக் கொள்வோம். நீரின் எந்தப் படலமும் பக்கத்துப் படலத்தின்மேல் வழுக்கவில்லை. எல்லாத் துகள்களும் சேர்ந்தே திரும்புகின்றன. ஆகவே உராய்வும் இல்லை, இழப்பும் இல்லை. ஆனால் சரிவுகள் சுழி அல்ல: ஒரு குறுக்குச் சரிவு 10, அதன் இணை எதிர்மக் குறியுடன் 10. முதலில் கூட்டினால் சுழி வந்து, இழப்பும் சுழியாகிறது, அதுவே சரி. தனித்தனியாக வர்க்கமாக்கிக் கூட்டியவருக்கோ 200 வருகிறது. நீரின் பாகுநிலை எண்ணான 0.001ஆல் பெருக்கினால் கன மீட்டருக்கு 0.2 வாட் இழப்பு இருப்பதாகக் கணக்கு பொய் சொல்கிறது. சுழலும் ஓட்டங்களில், குறிப்பாகப் பம்பின் உட்புறத்தையோ கலக்கும் தொட்டியையோ ஆராய்கிறவர்கள், இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால், சுழலின் மையப் பகுதி முழுவதும் சூடாகிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டும்.

இதில் நுட்பமான ஒன்றும் உண்டு. எல்லாப் பக்கமும் அசையாத சுவர்களால் மூடப்பட்ட ஒரு கலத்தில், இந்த இரண்டு வழிகளும் ஒவ்வொரு புள்ளியிலும் வேறுபட்ட விடைகளைத் தந்தாலும், கலம் முழுவதற்குமான மொத்தத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே அத்தகைய ஒரு கலத்தில் மொத்தத்தை மட்டும் சரிபார்த்து, தம் நிரலை நம்பிவிடுகிறவர் ஏமாறக்கூடும்.

வலைக்குள் நிகழ்வது

கணினி ஓட்டத்தைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை; இடத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்த ஒரு வலையின்மேல், கட்டத்துக்கு ஒரு திசைவேகம் என்ற கணக்கில்தான் அது வைத்திருக்கிறது. சரிவுகளைப் பக்கத்துக் கட்டங்களின் மதிப்புகளை ஒப்பிட்டு ஊகித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் மேலே சொன்ன விதிப்படி இழப்பைக் கண்டு, கட்டத்தின் கன அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். செய்முறை இவ்வளவுதான். பிழை எங்கே எவ்வளவு வருகிறது என்பதை நம் குழாயிலேயே கையால் கணக்கிட்டுப் பார்க்கலாம். தாளும் பேனாவும் எடுத்து ஒருமுறை செய்து பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

பரவளைய ஓட்டத்தில் சரிவு ஆரத்தோடு நேர்விகிதத்தில் வளர்கிறது. ஆகவே ஓர் ஆரத்துக்குள் நிகழும் மொத்த இழப்பு அந்த ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. குழாய் ஆரத்தின் உட்பாதிக்குள் நிகழ்வது மொத்தத்தில் 6.25 சதவீதம் மட்டுமே. சுவரை ஒட்டிய கடைசி ஐந்தில் ஒரு பங்குத் தடிப்பில் மட்டும் 59 சதவீதம் நிகழ்கிறது. இப்போது ஆரத்தை ஐந்து சமக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மையத்திலும் சரிவு துல்லியமாகத் தெரியும் என்றே வைத்துக்கொண்டு கூட்டினால், மொத்தம் 2 சதவீதம் குறைவாக வருகிறது. பத்துக் கட்டங்களில் குறைவு 0.5 சதவீதம், இருபதில் 0.125 சதவீதம். கட்டங்களை இரட்டிக்கும்தோறும் பிழை நான்கில் ஒன்றாகிறது; நல்ல முறை இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

ஆனால் சுவரை ஒட்டிய கட்டத்தில் சரிவைத் துல்லியமாகப் பெறுவது எளிதன்று. அந்தக் கட்டத்துக்கு ஒரு பக்கம்தான் அண்டைக் கட்டம் உண்டு; மறுபக்கம் சுவர். சுவரில் வேகம் சுழி என்ற தகவலைப் பயன்படுத்தாமல், உட்பக்கத்து அண்டையை மட்டும் ஒப்பிட்டுச் சரிவை ஊகிக்கும் ஒரு நிரல், கடைசிக் கட்டத்தின் மையச் சரிவுக்குப் பதிலாக அதன் உள் விளிம்பின் சரிவையே தருகிறது. ஐந்து கட்ட வலையில் இந்த ஒரே குறையால் மொத்த இழப்பு உண்மையைவிட 14 சதவீதம் குறைந்துவிடுகிறது. நான்கு கட்டங்கள் சரி, ஒன்று மட்டும் தவறு. ஆனால் அந்த ஒன்றில்தான் பாதிக்கும் மேற்பட்ட இழப்பு இருக்கிறது. வலையை எங்கே நெருக்கமாக நெய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

இதைவிட ஆழமான ஒரு சிக்கல், பாகுநிலையே இல்லாத இடத்திலும் கணக்கு முறை தானாக ஒன்றைச் சேர்த்துவிடுவது. பாய்மம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும் எளிய முறை ஒன்று உண்டு. ஓட்டக் கணக்குகள் தடுமாறாமல் ஓடுவதற்குத் தொடக்கத்தில் பலரும் அதையே தேர்வு செய்கிறார்கள். அந்த முறையின் பிழையை விரித்துப் பார்த்தால், அது ஒரு கூடுதல் பாகுநிலையின் வடிவத்திலேயே இருக்கும். அதன் அளவு, வேகத்தையும் கட்டத்தின் நீளத்தையும் பெருக்கியதில் பாதி. வினாடிக்கு 0.5 மீட்டர் வேகமும் ஒரு மில்லிமீட்டர் கட்டமும் இருந்தால், இந்தப் போலிப் பாகுநிலை 0.00025 சதுர மீட்டர்/வினாடி. நம் செம்பனை எண்ணெயின் பாகுநிலை எண்ணை அடர்த்தியால் வகுத்தால் 0.000034 வருகிறது. அதாவது எண்ணெயின் உண்மையான பாகுநிலையைவிட வலையின் போலிப் பாகுநிலை ஏழு மடங்கு. நீராக இருந்தால் 250 மடங்கு. கட்டங்களின் வரிசையோடு ஒத்து ஓடும் நேர்க்குழாயில், ஓட்டத் திசையில் எதுவும் மாறாததால், இது தீங்கு செய்யாமல் ஒதுங்கியிருக்கும். வளைவிலோ வால்விலோ ஓட்டம் கட்டங்களுக்குக் குறுக்காகத் திரும்பும்போது முழு வலிமையோடு வெளிப்படும்.

அங்கே நிகழ்வது இதுதான். போலிப் பாகுநிலை ஓட்டத்தின் கூர்மையான சரிவுகளை மழுங்கடிக்கிறது. இயக்க ஆற்றல் குறைகிறது. ஆனால் அந்தக் குறைவு இழப்பு விதியின் வழியே கணக்கில் ஏறுவதில்லை, ஏனெனில் அந்த விதி எண்ணெயின் உண்மையான பாகுநிலையை மட்டுமே அறியும். மழுங்கிய சரிவுகளால் கணக்கிடப்படும் இழப்போ மேலும் சிறிதாகிறது. ஆகவே வலை விழுங்கிய ஆற்றல் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் மறைந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழி முன்பு சொன்ன இருவழிக் கணக்குதான். நுழைவிலும் வெளியேற்றத்திலும் அழுத்தத்தையும் பாயும் அளவையும் பெருக்கி, இயக்க ஆற்றலில் ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்து, உள்ளே போன நிகர வேலையைக் காண வேண்டும். கட்டங்கள்தோறும் கூட்டிய இழப்பு அதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால், அந்த இடைவெளியே வலையின் திருட்டு. காலத்தோடு மாறிக்கொண்டிருக்கும் நிலையற்ற ஓட்டமாக இருந்தால், அந்தக் கணத்தில் பாய்மத்துக்குள் சேமிக்கப்படும் இயக்க ஆற்றலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணக்கிட்ட இழப்பு உள்ளே போன வேலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்லாத எந்த முடிவையும் நான் முழுமையானதாக ஏற்பதில்லை.

கொந்தளிப்பான ஓட்டம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே தேவையானதை மட்டும் சொல்கிறேன். அதே 100 மில்லிமீட்டர் குழாயில் நீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் ரெனால்ட்ஸ் எண் 200,000 ஆகிறது. மழமழப்பான குழாயில் மீட்டருக்குச் சுமார் 300 பாஸ்கல் அழுத்தமும், அதன்வழி 4.7 வாட்டும் இழக்கப்படுகின்றன. வரிச்சீராக ஓடியிருந்தால் இழப்பு 0.1 வாட்தான். மிகுதியெல்லாம் கொந்தளிப்பால் வந்தது: பெரிய சுழல்கள் சிறியவையாகவும் சிறியவை மிகச் சிறியவையாகவும் உடைந்து, கடைசியில் பாகுநிலை அவற்றை வெப்பமாக்கிவிடுகிறது, சுவரை ஒட்டிய சரிவும் மிகவும் செங்குத்தாகிறது. அந்த மிகச் சிறிய சுழல்களின் அளவைக் காணும் வழியை ரஷ்யக் கணித மேதை கோல்மொகொரோவ் 1941இல் தந்தார். நம் எடுத்துக்காட்டில் அது சுமார் 0.04 மில்லிமீட்டர். இவ்வளவு நுண்ணிய வலையை எவரும் அன்றாட வேலைக்கு அமைப்பதில்லை. சுழல்களைத் தனித்தனியே தீர்க்காமல் அவற்றின் சராசரி விளைவை மட்டும் கணக்கிடும் கே-எப்சிலான் போன்ற முறைகளையே பயன்படுத்துகிறார்கள். அத்தகைய முறையில் கிடைக்கும் திசைவேகம் சராசரித் திசைவேகம் மட்டுமே. அதன் சரிவுகளை மட்டும் வைத்து இழப்பைக் கணக்கிடுகிறவர், சுழல்களில் நிகழும் பங்கை முழுவதுமாக விட்டுவிடுகிறார். அந்த முறையே தனியாகக் கணக்கிட்டு வைத்திருக்கும் கொந்தளிப்பு இழப்பை, அதாவது எப்சிலானை, அடர்த்தியால் பெருக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவருக்கு அருகே வலையை நுணுக்காமல் சூத்திரத்தால் இட்டு நிரப்பும் முறையைப் பயன்படுத்தியிருந்தால், அங்கிருக்கும் மிகச் செங்குத்தான சரிவும் கட்டங்களில் தெரியாது. அப்போது அழுத்த இழப்பிலிருந்து மொத்தத்தைக் காண்பதே பாதுகாப்பான வழி.

வெப்பக் கணக்கில் எப்போது சேர்ப்பது

பல மென்பொருள்களில், வெப்பச் சமன்பாட்டில் பாகுநிலை இழப்பைச் சேர்க்கும்படி நாமே சொன்னால்தான் அது சேர்க்கப்படுகிறது. சேர்க்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய ஓர் எண் உதவுகிறது. நெதர்லாந்தின் பிரிங்க்மன் நுண்குழாய்களில் பாயும் திரவத்தின் வெப்ப விளைவுகளை 1951இல் ஆராய்ந்தார். அவர் பெயரால் வழங்கும் எண், பாகுநிலை எண்ணை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை வெப்பக் கடத்துத்திறனும் வெப்பநிலை வேறுபாடும் சேர்ந்த பெருக்கற்பலனால் வகுப்பதால் கிடைக்கிறது. நம் எண்ணெய்க் குழாயில், சுவருக்கும் எண்ணெய்க்கும் 10 பாகை வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், அது 0.0044 அளவில்தான் வரும். இங்கே இழப்பைத் துணிந்து விட்டுவிடலாம்.

வேகமாகச் சுழலும் தண்டின் தாங்கியில் நிலைமை வேறு. 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில், 0.05 பாஸ்கல்-வினாடி பாகுநிலையுள்ள மசகு எண்ணெய், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இழுக்கப்பட்டால், சரிவு 50,000 ஆகிறது. இழப்பு கன மீட்டருக்கு 125 மில்லியன் வாட். நம் குழாயில் அது சராசரியாக 24 வாட்தான். ஆனாலும் அஞ்ச வேண்டியதில்லை. இடைவெளி மெல்லியதாக இருப்பதால் வெப்பம் உடனே தட்டுகளுக்குக் கடந்துவிடுகிறது. இரு தட்டுகளும் ஒரே வெப்பநிலையில் குளிர்விக்கப்பட்டால், நடுப்படலம் 1.1 பாகை மட்டுமே கூடுதலாகச் சூடாகும். வேகம் வினாடிக்கு 20 மீட்டரானால் அதுவே 18 பாகையாகிவிடும்; அப்போது எண்ணெயின் பாகுநிலையே குறைந்து ஓட்டத்தை மாற்றும். வெப்பநிலையோடு பாகுநிலை மாறுவதைச் சேர்க்காமல் இழப்பை மட்டும் சேர்ப்பது அங்கே அரைகுறை வேலை.

நம் ஊரின் பழைய பயிரான ரப்பரில்தான் பாகுநிலை இழப்பு கணக்கின் மையத்துக்கே வந்துவிடுகிறது. ரப்பரைக் கரியோடும் கந்தகத்தோடும் பிசையும் மூடிய கலவை இயந்திரங்களில், மோட்டார் செய்யும் வேலையின் பெரும்பகுதி ரப்பருக்குள்ளேயே வெப்பமாகிறது. வெப்பநிலை 100 பாகைக்கு மேல் எளிதில் ஏறிவிடும். சுவர்களில் குளிர்நீர் ஓட்டாவிட்டால், கந்தகம் சேர்த்த கலவை அச்சுக்குப் போகும் முன்பே வெந்து இறுகத் தொடங்கி வீணாகும். ரப்பரின் பாகுநிலை சரிவைப் பொறுத்துக் குறைந்துகொண்டே போவதால், வர்க்க விதி அப்படியே பொருந்தாது. உராய்வு விசை சரிவின் ஏதோ ஓர் அடுக்கில் வளரும் என்பதே அடுக்கு விதி. அதைப் பின்பற்றும் பொருளுக்கு இழப்பு, சரிவின் இரண்டாம் அடுக்குக்குப் பதிலாக, அந்த விதியின் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிய அடுக்கில் வளரும். அந்தந்தக் கட்டத்தின் சரிவுக்கு உரிய பாகுநிலையை அங்கங்கே கண்டு பெருக்கினால் விதியின் பிற பகுதிகள் மாறாமல் பயன்படும்.

முதன்முதலில் முயல்கிறவர் மேலே சொன்ன நேர்க்குழாயையே எடுத்து, மீட்டருக்கு 0.1885 வாட் வருகிறதா என்று பார்க்கட்டும். பிறகு சுவர்களை வெப்பம் கடத்தாதவையாக்கி, வெளியேறும் எண்ணெயின் வெப்பநிலை உயர்வையும் சோதிக்கட்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு மீட்டர் நீளக் குழாயில் அந்த உயர்வு 0.000027 பாகை மட்டுமே. வெப்பநிலையை 323 கெல்வின் என்ற அளவில் ஒற்றைத் துல்லிய எண்ணாக, அதாவது குறைந்த இலக்கங்களோடு, சேமிக்கும் கணினி, அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 0.00003 பாகை இடைவெளி விட்டுத்தான் எழுத முடியும். ஆகவே தேடும் விடை சேமிப்பிலேயே தொலைந்துபோகும், நிரலில் பிழை தேடி நேரம் வீணாகும். இரட்டைத் துல்லியத்தில் ஓட்ட வேண்டும். அல்லது பாகுநிலை எண்ணை வேண்டுமென்றே ஆயிரம் மடங்காக்கிச் சோதிக்க வேண்டும். அப்போதும் ஓட்டம் வரிச்சீராகவே இருக்கும், பரவளையம் மாறாது, உயர்வு 0.027 பாகையாகத் தெளிவாகத் தெரியும்.